வட்டார வேலையின்மை வேறுபாடுகள் நீடிப்பது ஏன்? – திருவண்ணாமலை மாவட்டம்

வட்டார வேலையின்மை வேறுபாடு என்பது, ஒரே நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் வாழும் மக்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பில் காணப்படும் ஏற்றத்தாழ்வைக் குறிக்கும். ஒரு பகுதியில் வேலை குறைந்தால் ஆட்கள் வேறு பகுதிக்குப் போவார்கள், கூலி மலிவாக உள்ள இடத்தைத் தேடித் தொழில்கள் வரும், ஆகவே சில ஆண்டுகளில் வேறுபாடு மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடைமுறையில் அப்படி நடப்பது அரிது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பின்தங்கியிருந்த மாவட்டங்களே பெரும்பாலும் இன்றும் பின்தங்கியிருக்கின்றன.

இந்த நிலை ஏன் நீடிக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் வடபகுதியிலுள்ள திருவண்ணாமலை மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில், இரண்டிலிருந்தும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில் இம்மாவட்டம் இருக்கிறது. இரண்டு பெருநகரங்களின் வளர்ச்சியும் இம்மாவட்டத்து ஆட்களை ஈர்த்துக்கொண்டது. அந்த அளவுக்கு வேலைகள் இங்கே வந்து சேரவில்லை.

மாவட்டத்தின் பின்னணி

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நகரை ஒட்டிய வேங்கிக்காலில் அமைந்துள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 24,64,875. ஐந்தில் நான்கு பேர் கிராமங்களில் வாழ்கின்றனர். நெல், மணிலா, கரும்பு ஆகியவை முக்கியப் பயிர்கள். தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை ஒரு பகுதிக்கு நீர் தருகிறது. மற்ற இடங்களில் ஏரியும் கிணறும்தான் துணை. மழை பொய்த்தால் விவசாயக் கூலி வேலையும் சுருங்கிவிடும். உழவுக்கு வெளியே பழைமையான தொழில் ஆரணியின் பட்டு நெசவு. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

மாவட்டத்தின் பின்தங்கிய நிலையை அரசும் நெடுங்காலமாக அறிந்திருந்தது. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் தேர்வான ஆறு மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, விழுப்புரம் ஆகியவை மற்ற ஐந்து. பின்தங்கிய பகுதிகளுக்கான மானிய நிதித் திட்டத்திலும் இதே ஆறு மாவட்டங்கள் இடம்பெற்றன.

வேலையின்மை விகிதம் மறைப்பவை

வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்தால் இந்த நிலை தெரியாது. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2023-24-இல் இந்தியாவின் வேலையின்மை விகிதம் 3.2 விழுக்காடு. கிராமங்களில் அது 2.5, நகரங்களில் 5.1. எழுத்தறிவிலும் உடல்நலத்திலும் முன்னணியில் உள்ள கேரளத்தில் 7.2. இந்த எண்களை வைத்து, கேரளத்தைவிட ஏழை மாநிலங்களில் வேலை எளிதாகக் கிடைக்கிறது என்றோ, நகரத்தைவிடக் கிராமத்தில் வேலை மிகுதி என்றோ முடிவு செய்தால் தவறாகும்.

விளக்கம் கணக்கெடுக்கும் முறையில் இருக்கிறது. வேலையற்றவர் என்று பதிவாக, ஒருவர் வேலை இல்லாமலும் இருக்க வேண்டும், வேலைக்குத் தயாராகவும் இருக்க வேண்டும். வழக்கமான நிலைக் கணக்கில், கடந்த ஓராண்டில் முப்பது நாள் துணை வேலை செய்தவரும் வேலையில் உள்ளவராகவே சேர்க்கப்படுகிறார். நடவுக்கும் அறுவடைக்கும் மட்டும் கூலிக்குப் போய், மீதி மாதங்களில் வீட்டிலிருக்கும் ஒருவர் இந்தக் கணக்கில் வேலையற்றவராக வர மாட்டார். இரண்டு பேர் பார்க்கக்கூடிய நிலத்தில் நான்கு பேர் பாடுபட்டாலும் நால்வரும் வேலை செய்பவர்களே. இதை மறைமுக வேலையின்மை என்பர். கையில் சேமிப்போ தாங்கிப் பிடிக்கக் குடும்பமோ இல்லாதவர், நல்ல வேலை வரட்டும் என்று காத்திருக்க முடியாது. கிடைத்ததைச் செய்வார்.

கணக்கெடுப்பின் எல்லைகளும் ஒரு காரணம். பல ஆண்டுகளாக இக்கணக்கெடுப்பு மாவட்ட அளவில் அல்லாமல், பல மாவட்டங்களைச் சேர்த்த மண்டல அளவிலேயே வடிவமைக்கப்பட்டிருந்தது. திருவண்ணாமலை இருந்த மண்டலத்தில் சென்னையும் இருந்தது. 2025 ஜனவரி முதல்தான் மாவட்டத்தை அடிப்படை அலகாகக் கொண்ட மாதிரி முறை நடைமுறைக்கு வந்தது. எனவே பின்தங்கிய வட்டாரங்களை ஒப்பிடும்போது, ஆண்டில் எத்தனை நாள் வேலை, என்ன கூலி, எத்தனை பேர் வெளியூர் போகிறார்கள் என்பனவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

சமன்பாட்டுக்கான மூன்று வழிகள்

இரு வட்டாரங்களுக்கிடையே உள்ள வேறுபாடு மூன்று வழிகளில் குறையலாம் என்று பொருளியல் கூறுகிறது. ஆட்கள் இடம்பெயரலாம். கூலி மாறலாம். முதலீடு வந்து சேரலாம். இந்த மூன்றும் திருவண்ணாமலையில் ஓரளவு நடந்தவையே. ஆனாலும் வேறுபாடு நீடிப்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காணலாம்.

ஆட்கள் இடம்பெயர்தல்

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஓர் ஊரில் வேலைக்குரியவர்கள் 100 பேர். அவர்களில் 90 பேருக்கு வேலை உண்டு, 10 பேருக்கு இல்லை. வேலையின்மை விகிதம் 10 விழுக்காடு. வேலையில்லாத எட்டுப் பேர் பெங்களூருக்குப் போய்விட்டால், ஊரில் மிஞ்சுவது 92 பேர். வேலையற்றோர் இருவர் மட்டுமே. விகிதம் 2.2 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஆனால் ஊரில் ஒரு வேலைகூடக் கூடவில்லை. முன்பும் 90 வேலைகள், இப்போதும் 90 வேலைகள். எட்டுப் பேர் ஊரில் செலவழித்த பணமும் போய்விட்டதால் கடைகளில் வியாபாரம் குறைந்து, அந்த 90-இலும் ஒன்றிரண்டு குறையக்கூடும்.

ஒலிவியே பிளான்சார்டு, லாரன்ஸ் காட்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் 1992-இல் அமெரிக்க மாநிலங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. ஒரு மாநிலத்தில் தொழில் நசிந்தால், சில ஆண்டுகளில் அங்கே வேலையின்மை விகிதம் பழைய நிலைக்குத் திரும்பியது. இழந்த வேலைகள் மட்டும் திரும்பவில்லை. விகிதம் இறங்கியதற்கு முதன்மைக் காரணம் ஆட்கள் வெளியேறியதே.

யார் வெளியேறுகிறார்கள் என்பதும் முக்கியம். பொறியியலும் பட்டயப் படிப்பும் முடித்தவர்கள் முதலில் போகிறார்கள். ஊரில் தொழில் தொடங்கக்கூடியவர்களும், தொழிற்சாலை வந்தால் அதற்குத் தேவைப்படும் திறனாளர்களும் இவர்களே. எஞ்சியிருப்போரில் முதியோர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், குறைவாகப் படித்தவர்கள் ஆகியோரின் பங்கு கூடுகிறது. அடுத்த முறை முதலீட்டாளர் ஒருவர் இடம் பார்க்க வரும்போது, தேவையான ஆட்கள் இங்கே கிடைக்க மாட்டார்கள் என்று கணிக்கிறார்.

படிப்பில்லாதவர்களின் இடப்பெயர்வு வேறு வகை. சென்னையைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளுக்கும், பெங்களூரின் கட்டட வேலைக்கும், கர்நாடகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும் பருவம் பார்த்துப் போய்த் திரும்புகிறார்கள். மேஸ்திரி தரும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு போவோர், அதைக் கழிக்கும்வரை வேறு வேலைக்கு மாற முடியாது. சொந்த வீடு, துண்டு நிலம், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஊரிலேயே இருக்கின்றன. கைவன் முன்ஷி, மார்க் ரோசன்சுவைக் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவில் நிலையான இடப்பெயர்வு குறைவாக இருப்பதற்கு மற்றொரு காரணத்தைச் சொல்கிறது. நோய், இழவு, பயிர் நட்டம் போன்ற நெருக்கடிகளில் கைகொடுப்பது ஊரிலுள்ள உறவும் சாதியும். நிலையாக வெளியேறினால் அந்தப் பாதுகாப்பை இழக்க நேரிடும். ஆகவே குடும்பம் ஊரில் இருக்க, ஆள் மட்டும் போய்வருகிறார். முழுமையாகப் போகவும் முடியாமல், ஊரில் இருக்கவும் முடியாமல் இந்த நிலை தலைமுறைகளாகத் தொடர்கிறது.

கூலி வேறுபாடு

கூலி குறைந்த இடத்துக்குத் தொழில் வரும் என்பது இரண்டாவது எதிர்பார்ப்பு. ஒரு தொழிற்சாலையின் செலவில் கூலி ஒரு பகுதிதான். மூலப்பொருள் வந்து சேர ஆகும் நேரம், துறைமுகத்துக்கான தூரம், தடையில்லா மின்சாரம், தண்ணீர், பழுது பார்க்கும் பட்டறை, உதிரிபாகம் செய்து தரும் சிறு நிறுவனங்கள் எல்லாவற்றையும் உரிமையாளர் கணக்கிடுகிறார். கூலியில் மிச்சமாகும் தொகை மற்ற செலவுகளில் கரைந்துவிடும் என்றால், கூலி கூடுதலான இடமே அவருக்கு இலாபம்.

போக்குவரத்து இதில் பெரும்பங்கு வகிக்கிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய இருப்புப்பாதை அமைக்கும் திட்டம் 2006-07 காலத்தில் ஒப்புதல் பெற்றும் பல ஆண்டுகளாக நிறைவடையாமல் இழுத்துக்கொண்டே போனது. வேலூர் வரை ஓடிக்கொண்டிருந்த சென்னைக் கடற்கரை ரயில் 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. தொழில் இல்லாத இடத்துக்குப் பாதை தாமதமாக வருகிறது. பாதை தாமதமாவதால் தொழிலும் தாமதமாகிறது.

தொழில்கள் ஓரிடத்தில் குவிதல்

தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளை அமைக்கும் சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கப்பட்டது. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தது. அதன் உதிரிபாக நிறுவனங்கள் பக்கத்திலேயே அமைந்தன. அவற்றை நம்பி வேறு பெரிய ஆலைகள் வந்தன. பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் அங்கே திரண்டார்கள். முதலில் ஓரிடத்துக்குக் கிடைத்த சிறு சாதகம் இப்படி அடுத்தடுத்த சாதகங்களை ஈர்ப்பதைச் சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குன்னர் மிர்தால் 1950-களிலேயே விளக்கினார். வளரும் மையம் தன்னைச் சுற்றியுள்ள பகுதிகளின் முதலீட்டையும் திறமையையும் இழுத்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா கைபேசி ஆலையின் கதை இதைத் தெளிவாக்கும். 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை 2014-இல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஆனால் அந்த இடம் நிரந்தரமாகப் பாழாகிவிடவில்லை. கைபேசிக்கான மின்னேற்றிகளைத் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் அதே வளாகத்தை எடுத்துக்கொள்வதாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. அதே வட்டாரத்தில் வேறு கைபேசி ஆலைகளும் வளர்ந்தன. தொழில் குவிந்த வட்டாரத்தில் ஓர் ஆலை மூடினால், சில ஆண்டுகள் கழித்தாவது அந்த இடத்துக்கு இன்னொன்று வருகிறது. தனித்து நிற்கும் ஊரில் ஒரு சர்க்கரை ஆலையோ நூற்பாலையோ மூடினால் அந்த இடத்தை நிரப்ப எவரும் வருவதில்லை.

மாவட்டத்துக்குள் நிலவும் வேறுபாடு

தொழில்கள் குவியும் போக்கு மாவட்டத்துக்குள்ளும் தெரிகிறது. மாவட்டத்தின் பெரிய தொழிற்பேட்டையான செய்யாறு சிப்காட், மாவட்டத் தலைநகரைவிடக் காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ளது. அதாவது சென்னை – ஸ்ரீபெரும்புதூர் தொழில் மண்டலத்தின் விளிம்பு நீண்டு மாவட்டத்தின் வடகிழக்கு மூலையைத் தொட்டிருக்கிறது. அங்குள்ள காலணித் தொழிற்சாலை சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் பல்லாயிரம் பேருக்கு மாதச் சம்பளம் தருகிறது. விவசாயக் கூலியைத் தவிர வேறு வருமானம் அறியாத குடும்பங்களுக்கு இது பெரிய மாற்றம்.

அந்த மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. செய்யாறு அருகே மேல்மா பகுதியில் சிப்காட் விரிவாக்கத்துக்காக விளைநிலங்கள் எடுக்கப்படுவதை எதிர்த்து 2023-இல் விவசாயிகள் தொடர் போராட்டம் நடத்தினர். அந்த ஆண்டு நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. கடும் எதிர்ப்பு எழவே, அவர்களில் ஆறு பேர் மீதான ஆணையை அரசு சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. நிலம் உள்ளவர் இழப்பது நிலத்தை. நிலமற்றவர் இழப்பது அந்த நிலத்தில் கிடைத்த கூலியை. புதிய ஆலை தரும் வேலை இவ்விருவருக்கும், குறிப்பாக நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு, கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

மாவட்டத்தின் மேற்கே ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். சாமை விளைவிக்கும் மானாவாரி நிலமும் வனப்பொருள்களுமே இவர்களின் வாழ்வாதாரம். வேலை தேடி மலையிறங்குவோரைச் செம்மரம் வெட்ட அழைத்துச்செல்லும் தரகர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் செம்மரக் கடத்தல்காரர்கள் என்று ஆந்திரக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை மோதல் கொலை என்று ஏற்க மறுத்தன. இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட தமிழ்நாட்டு மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். வேலையின்மை விகிதக் கணக்கின்படி அவர்களில் எவரும் வேலையற்றவராக இருந்திருக்க வாய்ப்பில்லை.

கோயில் நகரும் அரசு வேலையும்

திருவண்ணாமலை நகரின் பொருளாதாரம் அருணாசலேசுவரர் கோயிலைச் சார்ந்தது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கார்த்திகைத் தீபத்துக்கு வரும் கூட்டம் அதைவிடப் பன்மடங்கு. தங்கும் விடுதி, உணவகம், ஆட்டோ, பூக்கடை, சாலையோரக் கடை எனப் பலருக்கு இதனால் பிழைப்பு நடக்கிறது. ஆனால் மாதத்தில் இரண்டு மூன்று நாள் குவியும் வருமானத்தை நம்பி நிலையான சம்பளத்துக்கு ஆள் வைக்க முடிவதில்லை. இங்கே உருவாகும் வேலைகளில் பெரும்பகுதி அன்றாடக் கூலியாகவும் சுயதொழிலாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இத்தகைய மாவட்டத்தில் படித்தவர்களுக்கு நிலையான வேலை என்றால் அரசு வேலையே. ஆட்சியர் அலுவலகம் உள்ள வேங்கிக்கால் போன்ற பகுதிகளில் அரசு ஊழியரின் சம்பளத்தால் வீடுகளும் கடைகளும் பெருகுவதைக் கண்ணெதிரே பார்க்கும் இளைஞருக்கு அந்த விருப்பம் வருவது இயல்பு. 2022-இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதித் தேர்வை 7,301 பணியிடங்களுக்கு அறிவித்தபோது ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். தனியார் வேலை நிறைந்த வட்டாரத்தில் ஓர் ஆண்டு முயன்று விட்டுவிடுபவர், வேறு வழியில்லாத வட்டாரத்தில் நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்கிறார். இந்தக் காத்திருப்பில் கழியும் ஆண்டுகளில் வேறு தொழிற்பயிற்சியும் அனுபவமும் கிடைக்காமல் போவது, பின்னர் தனியார் வேலை கிடைப்பதையும் கடினமாக்குகிறது.

பிற நாடுகளின் அனுபவம்

இத்தாலியின் தென்பகுதியை முன்னேற்ற 1950-இல் தனி நிதியம் ஒன்று தொடங்கப்பட்டு, 1980-களின் நடுப்பகுதிவரை பெருந்தொகை செலவிடப்பட்டது. சாலைகளும் பெரிய ஆலைகளும் வந்தன. ஆனால் அந்த ஆலைகளைச் சுற்றிச் சிறு தொழில்கள் போதிய அளவு வளரவில்லை. இன்றும் அங்கே வேலையின்மை வடபகுதியைவிட மிகவும் கூடுதல். ஐரோப்பிய வட்டாரங்களைப் பற்றி 1995-இல் டெக்ரசின், ஃபட்டாஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு வேறொரு போக்கைக் கண்டது. அங்கே வேலை இழந்தவர்கள் அமெரிக்கர்களைப்போல் இடம்பெயராமல், வேலை தேடுவதையே விட்டுவிட்டனர். வேலை தேடாதவர் வேலையற்றோர் கணக்கில் வருவதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில், வீட்டு வேலையோடு நின்றுவிடும் படித்த பெண்களின் நிலையும் இதுவே.

வேறுபாட்டைக் குறைக்கும் வழிகள்

ஊரக வேலை உறுதித் திட்டம் வந்தபின், தமிழ்நாட்டில் அதில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்களாக இருந்தனர். வெளியூர் போக முடியாதவர்களுக்கு ஊரிலேயே கூலி கிடைத்ததோடு, விவசாயக் கூலி பேசும்போது அவர்களின் கையும் சற்று ஓங்கியது. ஆனால் இத்தகைய திட்டம் வறுமையைத் தாங்கிப் பிடிக்குமே தவிர, நிலையான வேலையை உருவாக்காது.

தொழிற்பேட்டை ஒன்றை மட்டும் அமைப்பதும் போதாது என்பதைத் தென்னிந்திய, இத்தாலிய அனுபவங்கள் இரண்டும் காட்டுகின்றன. ஆலை, அதற்குப் பொருள் தரும் சிறு தொழில்கள், அவற்றுக்கேற்ற தொழிற்பயிற்சி, ரயிலும் சாலையும் ஆகியவை ஏறத்தாழ ஒரே காலத்தில் வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் அதன் பயன் அருகிலுள்ள வலுவான மையத்துக்கே போய்ச்சேரும். பயிற்சி மட்டும் வந்தால் பயிற்சி பெற்றவர் வெளியேறுவார். சாலை மட்டும் வந்தால் வெளியேறுவது எளிதாகும். மணிலா, நெல், சாமை போன்ற உள்ளூர் விளைபொருள்களைப் பதப்படுத்தும் தொழிலும் ஆரணி நெசவும் இம்மாவட்டத்துக்கு ஏற்கெனவே பழக்கமான திறனைப் பயன்படுத்துபவை என்பதால், அவற்றில் ஆட்களைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

ஒரு வட்டாரம் முன்னேறுகிறதா என்பதை அளக்க, வேலையின்மை விகிதம் இறங்கியதா என்று கேட்பதோடு அங்கே வேலைகளின் எண்ணிக்கை கூடியதா என்றும் கேட்க வேண்டும். ஆட்கள் வெளியேறினாலும் விகிதம் இறங்கும். வேலைகள் கூடியிருந்தால் மட்டுமே, வெளியூர் போனவர் விரும்பினால் திரும்பி வர முடியும்.